சித்தி மகனுக்கும் சீட்டு கிடையாது!

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா? பேப்பர், பேனா எடுத்துக்கோங்க. உங்க அப்பாவோட அப்பா பேர் எழுதுங்க. ஈஸி! அப்பாவோட இன்ஷியலே அதுதானே. அவரைப் பெத்த அப்பா பேர்? லேசா யோசிக்கிறீங்க. சரி, அம்மாவோட அம்மா பேர்? 'ஆயா'ன்னு எழுதினா மார்க் கிடையாது பாஸ், பேரை எழுதணும். அந்த ஆயாவைப் பெத்த அம்மா பேர்?

பேனா நின்னுடுச்சா? கவலையே படாதீங்க. நிறைய பேருக்கு இந்த நாலாவது கேள்வியிலதான் நிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்து, ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிக்கிட்டு உத்திரமேரூர் பஸ் ஏறுங்க. யார் யாருக்கு என்ன உறவுன்னு ஒரு ஊரே கூடி யோசிச்சு, 1,100 வருஷத்துக்கு முன்னாடி கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. வம்சத்தைத் தேடுற வேலைக்கு இதைவிட நல்ல பிள்ளையார் சுழி கிடைக்காது.

கல்லுல ஒரு சொந்தக்கார லிஸ்ட்

சென்னையில இருந்து சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரத்துல இருந்தும் பஸ் உண்டு, செங்கல்பட்டுல இருந்தும் உண்டு. இறங்கி, 'வைகுண்டப் பெருமாள் கோயில்'னு கேட்டா கை காட்டுவாங்க. பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. தொல்லியல் துறை பராமரிக்கிற அடக்கமான கோயில். ஒரு காலத்துல ஊர்ச் சபை கூடின இடம். கிட்டப் போய்ப் பாருங்க, கல்லு முழுக்க எழுத்து! முதல்ல ஒண்ணும் புரியாது. பொறுமையா நின்னா ஒரு 'ட', ஒரு 'ப', ஒரு 'க' கண்ணுல மாட்டும். அந்த சந்தோஷமே தனி.

ஸ்கூல் புத்தகத்துல படிச்ச குடவோலை இந்தக் கல்லுலதான் இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு. ஒண்ணு கி.பி. 919, இன்னொண்ணு 921. ஊரை 30 குடும்பாப் பிரிச்சாங்க. இன்னிக்கு வார்டுன்னு சொல்றோமே, அது. ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். நிக்கிறவருக்கு 35க்கு மேல 70க்குள்ள வயசு, வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேணும். 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் பேச்சுலகூட இந்தக் கல்வெட்டு வந்துச்சு.

பரீட்சைக்கு இதுவரைக்கும்தான் படிச்சிருப்போம். நமக்கு வேண்டிய விஷயம் இதுக்கு அடுத்து வருது. வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாம போனவனுக்கு மறுபடி இடம் கிடையாது. அவனுக்கு மட்டுமில்ல, அவன் சொந்தக்காரங்களுக்கும் கிடையாது! சும்மா 'சொந்தக்காரங்க'ன்னு மொட்டையாச் சொல்லிட்டு விடல. சித்தி, பெரியம்மா பிள்ளைங்க. அத்தை, மாமன் பிள்ளைங்க. தாய்மாமன். அப்பாகூடப் பிறந்தவர். தன்கூடப் பிறந்தவர். பொண்ணு கொடுத்த மாமனார். பொண்டாட்டிகூடப் பிறந்த மச்சான். அக்கா, தங்கச்சியைக் கட்டினவர். அவங்க பிள்ளைங்க. மருமகன். அப்பா. மகன். அத்தனை பேருக்கும் 'நோ என்ட்ரி'!

இப்ப யோசிங்க. இந்த விதியை நடைமுறைப்படுத்தணும்னா என்ன வேணும்? "இவரு அவரோட பெரியம்மா பையன்தானே?"ன்னு குடத்துல ஓலை விழுறதுக்கு முன்னாடியே எழுந்து கேட்கிற ஆளு வேணும். அதாவது ஊருக்கே வம்சாவளி மனப்பாடமா இருந்திருக்கணும். நமக்கு நம்ம வீட்டுதே தெரியல!

யார் பேர் இல்ல?

லிஸ்டை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. சித்தி, பெரியம்மா, அத்தை, அக்கா, தங்கச்சி, மகள், பொண்டாட்டி. உறவை முடிச்சுப் போடுற கயிறு பாதிக்கு மேல பொம்பளைங்க வழியாத்தான் போகுது. ஆனா இந்த விதியில ஒரு பொம்பளை பேர்கூட இல்ல. அவங்க குடத்துல ஓலை போட முடியாது. ஆனா அவங்க இல்லாம அந்த லிஸ்ட் ஒரு வரிகூட நிக்காது.

அப்புறமும் கதை மாறிடல. 1951-52ல நாட்டோட முதல் பொதுத்தேர்தல். வட மாநிலங்கள்ல பல பெண்கள் தங்க பேரைச் சொல்லாம, 'இன்னாரோட சம்சாரம்', 'இன்னாரோட மகள்'னு மட்டும் பட்டியல்ல பதிவாகியிருந்தாங்க. சொந்தப் பேர் இல்லாத சுமார் 28 லட்சம் பெண்களை வாக்காளர் பட்டியல்ல இருந்தே நீக்க வேண்டியதாப் போச்சு. உங்க டெஸ்ட்ல நாலாவது கேள்வியில பேனா ஏன் நின்னுச்சுன்னு இப்ப புரியுதா?

இன்னும் ஒரு கூட்டமும் இந்தக் கல்லுல இல்ல. இது பிராமணர்களுக்கு மானியமாக் கொடுத்த சதுர்வேதி மங்கலம். நிலமும் வேதமும் இருந்தாதான் குடத்துல பேர். ஏரியில மண்ணு சுமந்தவங்க, வயல்ல நாத்து நட்டவங்க வாரிசுங்க உங்க கிளாஸ்ல இருக்காங்க. அவங்க வம்சத்தை எங்கே போய்த் தேடுறது?

அதுக்கும் இதே சீமையில ஒரு தடயம் இருக்கு. 1891ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த டிரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்கள் நிலை பத்தி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். 1892ல அரசாணை வந்துச்சு. அதுல பிறந்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விக்கக்கூடாது, அதுக்கப்புறமும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவங்களுக்குத்தான் விக்கலாம்னு நிபந்தனை. பழைய நிலப் பதிவேட்டுல 'டி.சி.'ன்னு குறிப்போட தாத்தாவுக்குத் தாத்தா பேர் கிடைச்சா, அது வெறும் பேர் இல்ல பாஸ், உரிமை! வம்சம் தேடுறது பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

புதிர் நம்பர் 1: பேரனா, தாத்தாவா?

தமிழ்நாட்டுல வம்சம் தேடினா முதல்ல இடிக்கிற சுவரு நம்ம பேருதான். வெள்ளைக்காரங்களுக்குக் குடும்பப் பேர் ஒண்ணு தலைமுறை தலைமுறையா ஓடும். நம்மில் பல பேருக்கு இன்ஷியல் மட்டும்தான், அதுவும் தலைமுறைக்கு ஒருவாட்டி மாறிடும். போதாக்குறைக்கு தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறோம். 'பெயரன்'கிற சொல்லுதான் 'பேரன்' ஆச்சு!

ஒரு உதாரணம் பாருங்க. பத்திரத்துல 'முனுசாமி மகன் ஏழுமலை'. இன்னொரு பத்திரத்துல 'ஏழுமலை மகன் முனுசாமி'. மொத்தம் எத்தனை பேரு? ரெண்டுன்னு சொல்ல முடியாது. மூணும் இருக்கலாம், நாலும் இருக்கலாம். தாத்தா விட்ட இடத்துல பேரன் அதே பேரோட வந்து நிப்பான்.

எப்படி அவிழ்க்கிறது? பொண்டாட்டி பேரை வச்சுத்தான்! ஒரு முனுசாமிக்கு எல்லம்மாள், இன்னொரு முனுசாமிக்குக் குப்பம்மாள்னு தெரிஞ்சிட்டா ரெண்டு தலைமுறையும் தனித்தனியாப் பிரிஞ்சுடும். கல்லுல பேர் இல்லாத அதே பொம்பளைங்கதான் இங்கே சாட்சி சொல்ல வர்றாங்க.

அந்தப் பேரெல்லாம் எங்கே கிடைக்கும்? பரணையில ஏறுங்க. பித்தளை அண்டா, எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டியிருக்கும், சிலதுல தேதியோட. கருமாதிப் பத்திரிகையை எடுங்க. மகன், மகள், மருமகன், பேரன், பேத்தின்னு மொத்தக் குடும்பமும் வரிசையா நிக்கும். பழைய மொய் நோட்டு கிடைச்சா அது புதையல்! எந்த ஊர்ல இருந்து யார் வந்தாங்கன்னு பேரோடயும் ஊரோடயும் இருக்கும். அப்புறம் வாக்காளர் பட்டியல். 2025 நவம்பர்ல தீவிரத் திருத்தம் ஆரம்பிச்சப்போ, 2002, 2005 பட்டியல்ல வீட்டுக்கு வீடு அப்பா பேரையும் ஆயா பேரையும் தேடினது ஞாபகம் இருக்கா? அன்னிக்குத் தமிழ்நாடே வம்சாவளி ஆராய்ச்சிதான் பண்ணுச்சு!

புதிர் நம்பர் 2: ஊரு எங்கே?

ஆளு கிடைச்சாலும் ஊரு ஆட்டம் காட்டும். உத்திரமேரூரையே எடுத்துக்கோங்க. பழைய தொல்லியல் அறிக்கைகள்ல 'உத்தரமல்லூர்'னு இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துல இது செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகா. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997ல காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டாப் பிரிஞ்சது. 2019ல செங்கல்பட்டு திரும்பத் தனி மாவட்டம் ஆச்சு, மதுராந்தகம் அந்தப் பக்கம் போயிடுச்சு. உத்திரமேரூர் காஞ்சிபுரத்துலயே இருக்கு. ஊரு நகரவே இல்ல, முகவரிதான் ஊர் சுத்தியிருக்கு!

இது தெரியாம முழிக்கிறவங்க கடல் தாண்டியும் இருக்காங்க. 1860 அக்டோபர்ல சென்னையில இருந்து 'ட்ரூரோ'ங்கிற கப்பல் கிளம்பி நவம்பர் 16ம் தேதி தென்னாப்பிரிக்காவோட டர்பன் துறைமுகத்துல நின்னுச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏத்திக்கிட்டு நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் அது. 1911 வரைக்கும் மொத்தம் 1,52,000 பேருக்கு மேல போனாங்க. பெரும்பாலானவங்க சென்னையில கப்பல் ஏறினவங்க. செங்கல்பட்டு, வடாற்காடு ஆளுங்க அதுல நிறைய. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேர், அப்பா பேர், வயசு, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு எல்லாத்தையும் கப்பல் பட்டியல்ல எழுதி வச்சாங்க. மொரீஷியஸ்ல இந்த மாதிரி ஆவணங்கள் மோகாவுல இருக்கிற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டுல பத்திரமா இருக்கு. பல பேரோட போட்டோகூட உண்டு.

பிரச்னை என்னன்னா, எழுதின குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி இங்கிலீஷ்ல எழுதிட்டார். அஞ்சாவது தலைமுறையில ஒருத்தர் டர்பன்ல அந்தத் தாளோட உட்கார்ந்து, 'இந்த ஊரு எங்கே இருக்கு?'ன்னு மண்டையை உடைச்சுக்கிறார். அவர்கிட்ட தாள் இருக்கு, ஊரு இல்ல. உங்ககிட்ட ஊரு இருக்கு, தாள் இல்ல. அந்தக் கிராமத்துப் பேரைச் சத்தமா வாய்விட்டுப் படிச்சீங்கன்னா, 'அட, இது நம்ம ஏரிக்கரை ஊராச்சே!'ன்னு உங்களுக்குத்தான் சட்டுனு தோணும். ஆராய்ச்சியில கூட்டாளி வேணும்னு சொல்றது இதுக்குத்தான்.

டீம் ரெடி பண்ணுங்க

தனியாப் பண்ணினா போரடிக்கும், தப்பும் நடக்கும். நாலு பேர் சேருங்க. ஒருத்தர் பெரியவங்ககிட்ட பேசி செல்போன்ல பதிவு பண்ணட்டும். ஒருத்தர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டான்னு காகிதம் பின்னாடி ஓடட்டும். சார்பதிவாளர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ்ல ஆரம்பிச்சு எழும்பூர் ஆவணக் காப்பகம் வரைக்கும் வேலை இருக்கும். மூணாவது ஆளு பழைய ஊர்ப் பேர், மேப் பார்க்கட்டும். நாலாவது ஆளுக்கு ஒரே வேலைதான். "என்ன ஆதாரம்?"னு கேட்டுக்கிட்டே இருக்கணும். எரிச்சலா இருக்கும். ஆனா டீம்ல முக்கியமான ஆளு அவர்தான்.

ஒருத்தர் சொன்னது மட்டும்னா பென்சில்ல எழுதுங்க. வேற வழியில இன்னொரு ஆதாரம் கிடைச்சா பேனாவுல எழுதுங்க. 'நாங்க ராஜ பரம்பரை'ன்னு சித்தப்பா சொன்னா சிரிச்சுக்கிட்டே பென்சிலை எடுங்க! கணக்கு காட்டாதவனுக்கு இடம் இல்லைங்கிற உத்திரமேரூர் சட்டம் வம்சாவளிக்கும் பொருந்தும். தேடி வர்றதெல்லாம் பெருமையா இருக்கும்னும் நினைக்காதீங்க. கடன், சண்டை, ரெண்டாம் கல்யாணம், சொல்லாம ஊரை விட்டு ஓடினவர் எல்லாம் வரும். அதையும் எழுதணும். யாரைவிட நாம உசத்தின்னு கண்டுபிடிக்கிற வேலை இல்ல இது. யார் வழியா இங்கே வந்து சேர்ந்தோம்னு தெரிஞ்சுக்கிற வேலை.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. பத்திரம் பத்து வருஷம் கழிச்சும் ஆபீஸ்ல இருக்கும். கல்வெட்டு இன்னும் பல நூறு வருஷம் நிக்கும். ஆயா நிக்க மாட்டாங்க. அவங்க அம்மா பேர், பொறந்த ஊரு, சின்ன வயசுலயே செத்துப்போன தங்கச்சி பேர் இதெல்லாம் எந்தப் பதிவேட்டுலயும் ஏறாத விஷயம். அவங்களோட போச்சுன்னா போனதுதான்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்போ ஒரு நோட்டு எடுத்துட்டுப் போங்க. ஆயா வெத்தலை இடிக்கிற நேரமாப் பார்த்து பக்கத்துல உட்காருங்க. முதல் கேள்வியா தாத்தா பேரைக் கேட்காதீங்க, அது எல்லாருக்கும் தெரியும். "உங்க அம்மா பேர் என்ன ஆயா?"ன்னு கேளுங்க. அப்புறம் நீங்க பேச வேண்டிய அவசியமே இருக்காது. நோட்டுல பக்கம் பத்துமான்னு மட்டும் பார்த்துக்கோங்க!