பைக்குள் அடங்கும் தூண்டில்!

ஐப்பசி மழையில் மாடக்குளம், வண்டியூர் கண்மாய்களில் தண்ணீர் ஏறினால், மதுரைக்காரர்களுக்குத் தூண்டில் ஞாபகம் வந்துவிடும். கெண்டை, ஜிலேபி... அதிர்ஷ்டமிருந்தால் விரால்!

ஆனால், மாசி வீதிச் சந்தில் ஒற்றை அறையில் குடியிருப்பவர் எட்டடி மூங்கில் கம்பை எங்கே வைப்பார்? டவுன் பஸ்ஸில்தான் எப்படி ஏற்றுவார்? அவருக்கு ஏற்றது மடக்குத் தூண்டில். விரித்தால் ஏழடி நீளும் கம்பு, மடக்கினால் இரண்டடிக்குள் அடங்கும்.

வாங்கும்போது முழுக்க விரித்து ஆட்டிப் பாருங்கள். இணைப்புகளில் 'கடகட' சத்தம் வந்தால் வேண்டாம். நரம்பு ஓடும் வளையங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கார்பன் லேசுதான், இடிபட்டால் விரிசல் விடும், மின்சாரமும் பாயும். ஃபைபர் கிளாஸ் கொஞ்சம் கனம் என்றாலும், பஸ் நெரிசலுக்கு அதுதான் தாங்கும்.

கரை மணல் புகுந்தால் கம்பு மடங்காமல் மக்கர் செய்யும். கழுவித் துடைத்துவிட்டு, தடித்த அடிப்பக்கத்திலிருந்து மடக்குங்கள். கண்மாய் மீன் குத்தகையில் இருக்கலாம். கேட்டுவிட்டே தூண்டிலைப் போடுங்கள்.