பயிற்சி மட்டும் போதாது, பூட்டும் வேண்டும்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "வாங்குபவருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள், தொடக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், விபத்து குறைந்துவிடும்" என்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதியை 2001இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை ஓர் அறையில் விட்டார்கள். இழுப்பறைக்குள் குண்டில்லாத நிஜக் கைத்துப்பாக்கி இருந்தது. கண்டெடுத்தவர்களில் பலர் அதைக் கையில் எடுத்தார்கள், சிலர் விசையையும் இழுத்தார்கள். அப்படிச் செய்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் முன்பே கேட்டவர்கள். ஆகவே பொறுப்பைப் பிள்ளையின் நினைவாற்றல் மீது சுமத்த முடியாது. துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்தான் ஏற்க வேண்டும். பிள்ளைகள் கையில் சிக்காதபடி துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லி 1989இல் அமெரிக்க மாநிலமான புளோரிடா இயற்றிய சட்டத்தின் அடிப்படையும் இதுதான்.

"நள்ளிரவில் திருடன் வந்தால் பூட்டைத் திறந்துகொண்டு நிற்பதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கைரேகை வைத்தால் சில நொடிகளில் திறக்கும் பெட்டிகள் கடைகளிலேயே கிடைக்கின்றன. அரசியல் சாசன உரிமை பறிபோகும் என்பது அடுத்த வாதம். 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாஷிங்டன் நகரின் கடுமையான விதியை ரத்து செய்து, வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை உறுதிப்படுத்தியது. அதே தீர்ப்பு, விபத்தைத் தடுக்கத் துப்பாக்கியை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லும் சட்டங்களை இது செல்லாதவையாக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள், தவறில்லை. ஆனால் பூட்டையும் சேர்த்துக் கட்டாயமாக்காத சட்டம், பெரியவர்களின் கவனக்குறைவுக்குப் பிள்ளைகளைப் பலி கொடுக்கும் சட்டமாகவே இருக்கும்.