ஈப்போவில் சரி, கியா பார்மில் சரியில்லை

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போனவர்களுக்குக் கியா பார்மைத் தெரியாமல் இருக்காது. ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கும் கடைகள். அவற்றின் முன்னே நகராத வாகன வரிசை. அந்த வரிசைக்கு நடுவில் முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு பழைய லேண்ட் ரோவர் ஒன்று முனகியபடி ஏறுவதையும் பார்த்திருப்பீர்கள்.

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை மதியம், அந்த வரிசையை அரை மணி நேரம் அசையவிடாமல் நிறுத்திய லேண்ட் ரோவர் எங்களுடையது. ஓட்டியது நான்தான். அன்று எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தவர்களில் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். குற்றவாளி கார்புரேட்டர். அது குற்றவாளியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளர். ஊடகத்துறையில் பட்டம் வாங்கி, பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் காலையில் மைக் முன் உட்கார்ந்து பேசிப் பிழைப்பவள். பிறந்து வளர்ந்தது கியா பார்ம் பக்கம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரங்களுக்கு நடுவே இருபது ஆண்டுகள் வேலை செய்தார். பிறகு காய்கறித் தோட்டக்காரர்களுக்கு லேண்ட் ரோவர் ஓட்டினார். ஓய்வு பெற்றபோது ஒரு தோட்டக்காரரிடமிருந்து பழைய வண்டி ஒன்றை வாங்கி வீட்டு முன்னால் நிறுத்திக்கொண்டார்.

லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமான வண்டி. மலைச் சேற்றில் ஏறும், உடம்பு அலுமினியம் என்பதால் மழையில் எளிதில் துருப்பிடிக்காது, சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் சரிசெய்யலாம். கேமரனில் அது இன்னும் உயிரோடு இருப்பதற்கு இவை போதும். ஆனால் பல வண்டிகளின் உள்ளே இருப்பது பழைய எஞ்சின் இல்லை; சிக்கனத்துக்காக ஜப்பானிய டீசல் எஞ்சினை மாற்றியிருப்பார்கள். எங்கள் வண்டியும் அப்படித்தான். அந்த டீசல் எஞ்சின் ஒரு நாள் ஹெட் வெடித்து நின்றது. "இதுக்குப் பிறந்த எஞ்சினையே போடுவோம்" என்றார் அப்பா.

பிறந்த எஞ்சின் என்றால் 2,286 சிசி பெட்ரோல் எஞ்சின். லேண்ட் ரோவரில் 1958 முதல் வந்தது. ஈப்போவில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. அங்கேயே ஒரு சீனப் போமன் அதை வண்டியில் இறக்கிக் கொடுத்தார். சாலைப் போக்குவரத்து இலாகாவில் புதிய எஞ்சின் எண்ணைப் பதியும் வேலை என் தலையில் விழுந்தது. எஞ்சினோடு வந்த ஜெனித் கார்புரேட்டர் மட்டும் தேறவில்லை. அதன் மேல்மூடி வளைந்திருந்தது. இந்த வகைக்கு அது தீராத நோய். மூடி வளைந்தால் காற்றும் பெட்ரோலும் வழி தவறிப்போகும், ஐட்லிங் நிலையாக நிற்காது. அதற்குப் பதிலாகப் பலரும் போடும் வெபர் 34 ஐசிஎச் ஒன்றை வாங்கினோம். இத்தாலியின் பொலோனியாவில் எதுவார்தோ வெபர் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது.

போமன் சுத்தமான வேலைக்காரர். முதலில் வால்வு இடைவெளியை 0.25 மில்லிமீட்டருக்கு வைத்தார், பாயிண்ட் இடைவெளியை 0.38க்கு வைத்தார், பிறகு டைமிங் பார்த்தார். "இது மூணும் சரியில்லாம கார்புரேட்டரைத் தொட்டா, பல்வலிக்குத் தலையில தைலம் தேய்க்கிற மாதிரி" என்று மலாயில் சொன்னார். புது கேஸ்கெட் போட்டு வெபரை உட்கார வைத்தார். அடியில் காற்று கசிகிறதா என்று ஸ்ப்ரே அடித்துப் பார்த்தார். ஆக்சிலரேட்டர் கம்பியை முழுதாக மிதித்தால் பட்டாம்பூச்சித் தகடு முழுதாகத் திறக்கிறதா, விட்டால் முழுதாக மூடுகிறதா என்று என்னையே மிதிக்கச் சொல்லிச் சோதித்தார். கலவைத் திருகை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். ஈப்போ வெயிலில் அது தையல் மெஷின் மாதிரி ஓடியது.

சிம்பாங் பூலாய் வழியாக ஏறினோம். பாதி மலைவரை சுகம். கம்போங் ராஜாவில் பெட்ரோல் வாடை. திரிங்காப்பில் மிதித்தால் இழுக்கவில்லை. கியா பார்ம் மேட்டில், எனக்கு முன்னால் ஒரு சுற்றுலா பஸ் நிற்க, எங்கள் வண்டி கறுப்புப் புகையை ஒருமுறை கக்கிவிட்டு நின்றது.

பக்கத்து இருக்கையில் அப்பா. "ஏம்மா நிப்பாட்டுன?" என்றார்.

எஞ்சின் அணைந்தது அவருக்குக் கேட்கவில்லை.

அப்பாவின் காது மங்கி வருவது எங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் கொடுத்த பரிசு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு மையத்துக்கு அழைத்துப்போய், என் இரண்டு மாதச் சம்பளத்தில் காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் மாட்டினார். பிறகு அது மேசை இழுப்பறையில் தூங்கியது. "முயற்சி பண்ணவே மாட்டேங்கிறீங்க" என்று ஒவ்வொரு முறை வரும்போதும் சண்டை போடுவேன். தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு "புரோகிராம் எப்படிப்பா?" என்று கேட்பேன். "நல்லா இருந்துச்சு பாப்பா" என்பார். பத்து ஆண்டுகளாக அதே பதில். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பனிமூட்டத்தில், வீட்டு முன்னால் பானட்டைத் திறந்தோம். அப்பா நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். எல்லாம் கரி. "தே தாரேக் கலர்ல இருக்கணும். இது கோப்பி ஓ" என்றார். வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் அதிகம். துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்தோம். அவர் வலது கையை மட்கார்டில் விரித்து வைத்தார், நாடி பார்ப்பதுபோல.

"என்ன சத்தம் கேக்குது?"

"ஒரு மாதிரி சத்தம்பா."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? ரேடியோல பேசுறவ நீ!"

வெட்கமாக இருந்தது. ஒலியை வைத்துப் பிழைக்கும் எனக்கு அந்த ஒலியைச் சொல்ல ஒரு சொல் இல்லை. அப்பாதான் கொடுத்தார். "இருமுதா, தும்முதா?" இருமல் என்றால் புகைபோக்கிப் பக்கம் தடதடவென்று கனத்து, புகையோடு ஓடுவது: பெட்ரோல் அதிகம். தும்மல் என்றால் கார்புரேட்டர் வாய் வழியாகவே 'டப்' என்று திருப்பித் துப்புவது: பெட்ரோல் குறைவு. அதன் பிறகு நான் அவருக்குக் காது. அவர் எனக்கு அர்த்தம். நான் "இருமுது" என்றால் திருகைக் கால் சுற்று உள்ளே. "தும்முது" என்றால் கொஞ்சம் வெளியே. பத்து நிமிடத்தில் ஐட்லிங் அமைதியானது. அப்பாவின் உள்ளங்கையும் ஒப்புக்கொண்டது.

ஆனால் மேட்டில் ஏற்றியதும் மறுபடி இருமல். ஈப்போ போமனைத் திட்டத் தயாரானேன். அப்பா தடுத்தார். "அவன் ஊருக்கு அவன் சரியாத்தான் பண்ணியிருக்கான். இது வேற காத்து."

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டருக்குக் காற்றை எடைபோடத் தெரியாது. அதன் குறுகிய கழுத்து வழியே காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறையும்; அந்தக் குறைவு ஜெட் என்னும் சின்னத் துளை வழியே பெட்ரோலை உறிஞ்சும். கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் ஈப்போவைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் அதே மூச்சை இழுத்தாலும் அதில் காற்றின் எடை குறைவு. பெட்ரோலோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. கணக்குப் போட்டால் கலவை 7 விழுக்காடு அளவுக்குக் கனத்துவிடுகிறது. இன்றைய கார்களில் சென்சாரும் கணினியும் இதை நொடிக்கு நொடி சரிசெய்துவிடும். பழைய வண்டியில் அந்தக் கணினி நாம்தான்.

கலவைத் திருகு ஐட்லிங்கை மட்டும்தான் ஆளும். மிதித்து ஏறும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் வழியாக. வெபர் ஜெட்டின் தலையில் ஓர் எண் பொறித்திருக்கும். அது துளையின் அகலம், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கணக்கில். எங்களுடையதில் 140. அதாவது 1.40 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் 135 ஒன்று வாங்கி அடுத்த வாரம் கொண்டுவந்தேன். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 7 விழுக்காடு குறைகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே.

கார்புரேட்டரைத் திறந்து ஜெட்டை மாற்றினோம். திரிங்காப்வரை இறங்கித் திரும்பி ஏறினோம். கடைகளின் மேட்டில் அப்பா கையை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, "இருமுதா?" என்றார். இல்லை. "தும்முதா?" இல்லை. வீட்டில் பிளக்கைக் கழற்றினோம். தே தாரேக்.

"அந்த போமன் தப்பு பண்ணல பாத்தியா," என்றார் அப்பா பிளக்கைத் துடைத்தபடி. "கீழ வச்சு டியூன் பண்ணதை மேல கொண்டுவந்தா இப்படித்தான்."

அவர் வண்டியைத்தான் சொன்னார். எனக்கு இழுப்பறை நினைவு வந்தது.

அந்தக் கருவியையும் ஈப்போவில், குளிரூட்டிய, கதவு மூடிய அறையில்தானே அவர் காதுக்கு அமைத்தார்கள்? அங்கே அவருக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டது. கியா பார்மில் தகரக் கூரை, மழை, காற்று, கடைக்காரர்களின் கூவல், லோரி ஹாரன். முதல் முறையாக, சண்டை போடாமல் கேட்டேன்: "மாட்டினா என்னப்பா செய்யுது?"

"தகரத்துல மழை விழுந்தா தலைக்குள்ள ஆணி அடிக்குது. உங்கம்மா அடுப்படியில இருந்து கூப்பிட்டா ஒண்ணும் விளங்கல."

ஒன்று இருமல், ஒன்று தும்மல். இரண்டு ஆண்டுகளாக அவர் இதைச் சொல்ல நான் இடமே கொடுக்கவில்லை. ஒரு வாரம் கருவியை மாட்டச் சொன்னேன். எந்த இடத்தில், எந்தச் சத்தம், அதிகமா குறைவா என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். அந்த நோட்டோடு ஈப்போ மையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் அதைப் படித்துவிட்டு, இதுபோல் எழுதி வந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி என்றார். கருவியை ஒரே தடவையில் முடித்துவிட முடியாது, வாழும் இடத்தில் பழகிப் பார்த்து மறுபடி மறுபடி வந்து சரிசெய்ய வேண்டும் என்றும் சொன்னார். முதல் தடவைக்குப் பிறகு நாங்கள் போகவே இல்லை. மூன்று முறை போய்வந்தோம். ஜெட் மாற்றியதைவிட அதிக நாள் பிடித்தது.

இப்போதும் அவர் அதை நாள் முழுக்க மாட்டுவதில்லை. சந்தைக் கூட்டத்தில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். காலையில் மட்டும் தவறாமல் மாட்டுகிறார்.

போன மாதம் நிகழ்ச்சி முடிந்து வழக்கம்போல் கூப்பிட்டேன். "எப்படிப்பா?"

"ரொம்ப வேகமாப் பேசுற பாப்பா. பாதி வார்த்தையை முழுங்குற. அந்த விளம்பரம் முடிஞ்சதும் ஏன் அப்படிச் சிரிச்ச?"

பத்து ஆண்டில் அப்பா என் நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்ன முதல் குறை. இரண்டாம் முறை சொல்லச் சொல்லி, எழுதி வைத்துக்கொண்டேன்.