கடல்மீன் தொட்டி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதினால் அப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காபியைப் போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நான் போட்ட கோமாளி மீன் படத்தைப் பார்த்துவிட்டுப் பதினோரு பேர் போன் செய்துவிட்டீர்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. "டீச்சர், பிள்ளை ஆசைப்படுது, நாங்களும் ஒண்ணு வைக்கலாமா? எவ்வளவு ஆகும்?" தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் செலவு. 2018-ல் ஓய்வு பெற்றேன். 2021-ல் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கினேன். கணக்குப் போடுங்கள் பார்ப்போம்: 6.75 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28.3 லிட்டர். ஆக 190 லிட்டர். தண்ணீர் மட்டுமே 190 கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் 250 கிலோவைத் தாண்டும். டிவி மேசை மேல் வைக்கும் சமாச்சாரம் இல்லை. இரும்பு ஸ்டாண்ட், கழிவு நுரையை எடுக்கும் ஸ்கிம்மர், அலை உண்டாக்கும் மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்து எனக்கு ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் ஆனது. மாதம் உப்புக்கும் கரண்டுக்கும் இரண்டாயிரம் வரை போகிறது. தங்க மீன் தொட்டி மாதிரி நினைத்து இறங்காதீர்கள்.

அடுத்து எல்லாரும் கேட்பது: "தூத்துக்குடியிலே இருந்துக்கிட்டு உப்பை எதுக்கு டீச்சர் காசு கொடுத்து வாங்குறீங்க?" நல்ல கேள்வி. நம் ஊர்க்காரர்களுக்கு உப்பளம் தெரியும். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய வைத்து 25 டிகிரி வந்தால் உப்பு விளையும். ஆனால் அதற்கு முன்பே கால்சியம் ஜிப்சமாகப் படிந்துவிடும். உப்பு வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரில் மெக்னீசியம் போய்விடும். கையில் கிடைப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். குழம்புக்கு அது போதும், மீனுக்குப் போதாது. கடலில் கரைந்திருப்பவற்றில் சோடியமும் குளோரைடும் சுமார் 85 சதவீதம்தான். மற்றவையும் சேர்ந்தால்தான் அது கடல். அதனால்தான் எல்லா உப்புகளும் அளவாகக் கலந்த மீன்தொட்டி உப்பை வாங்குகிறோம். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. கரைத்து ஒரு நாள் மோட்டார் ஓடவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். துறைமுகத்துப் பக்கத்துக் கடல்நீரைக் குடத்தில் மொண்டு வந்து ஊற்றாதீர்கள். அதில் எண்ணெயும் சாக்கடையும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

கரைக்கும் தண்ணீரும் முக்கியம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் 1,800 காட்டும். வடிகட்டி, ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே உப்பு போடுவேன். இன்னொன்று, செம்புக் குடத்துத் தண்ணீரை ஊற்றவே கூடாது. நமக்குச் செம்பு நல்லது என்போம். கடல் இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம். கொசு மருந்தையும் அந்த அறையில் அடிக்கக் கூடாது. காற்று பம்ப் அதை அப்படியே உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளிவிடும்.

இப்போது மிகவும் அவசியமான பாடம். தொட்டி நிறைந்தவுடன் மீன் விடக் கூடாது. "மூணாம் நாளே விடலாம் மேடம்" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இதை ஓரளவுக்கு மீன் தாங்கும். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாலில் உறை ஊற்றிவிட்டு அரை மணி நேரத்தில் தயிர் கேட்டால் கிடைக்குமா? அது போலத்தான். நான் காலித் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விட்டேன். பாடக்குறிப்பு எழுதிய பழக்கத்தில் நோட்டுப் போட்டுத் தினமும் அளவு எழுதினேன். அம்மோனியா ஒன்பதாம் நாள் உச்சத்துக்குப் போனது. முப்பத்தோராம் நாள்தான் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். "வெறும் தண்ணிக்கு ஒரு மாசமா லைட்டு போட்டு உக்காந்திருக்கீங்களே மதினி" என்று நாத்தனார் கேலி செய்தாள். செய்யட்டும்.

வெயில் நம் ஊரில் பெரிய எதிரி. தண்ணீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிரூட்டும் கருவி விலை அதிகம். நான் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்திருக்கிறேன். மண்பானைத் தத்துவம்தான், ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஆனால் கோடையில் தினம் இரண்டு லிட்டர் குறையும். குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டுமா, உப்புத் தண்ணீரால் நிரப்ப வேண்டுமா? உப்பளத்துப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே நிற்கும். அதனால் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் மாற்றுவது வாரம் ஒரு முறை 20 லிட்டர், நைட்ரேட்டைக் குறைப்பதற்காக.

என்னிடம் இருப்பது இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாம்செல், சில நத்தைகள். இவ்வளவுதான். கோமாளி மீன்கள் பொரிப்பகத்தில் பிறந்தவை, கடலில் பிடித்தவை இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இவற்றைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. வாங்கும்போது எங்கே பிறந்த மீன் என்று கேளுங்கள். கோமாளி மீன் குஞ்சுகள் எல்லாமே ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது இறந்தால் அடுத்த ஆண், பெண்ணாக மாறிவிடும். என் தொட்டியில் உடைந்த பூந்தொட்டி ஓட்டில் முட்டை இட்டிருக்கிறது. காவல் காப்பது அப்பா. துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் தினமும் பார்க்கிறோம். வீட்டுக்காரர் டிவி பார்ப்பதைக் குறைத்துவிட்டார்.

பவளம் ஏன் இல்லை என்று சிலர் கேட்டீர்கள். 1996-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது கடலுக்குப் போகிறான். ஒரு நாள் ஈரச் சாக்கில் சுற்றி உயிருள்ள பவளத்துண்டு கொண்டு வந்தான். "டீச்சர், உங்க தொட்டிக்குத்தான். காசு வேண்டாம்" என்றான். பாசத்தில் கொண்டு வந்தது. ஆனால் நம் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடல் குதிரையும் அப்படித்தான். எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். "வேண்டாம்பா, எடுத்த இடத்திலேயே விட்டுடு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. உட்கார வைத்துப் பேசினேன். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. இருப்பதில் ஒரு துண்டை என் வரவேற்பறைக்குக் கொண்டு வந்தால் நான் நடத்திய பாடத்துக்கு என்ன அர்த்தம்? "மீன் முட்டை போடுற இடம்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சாக்கை நனைத்துக்கொண்டு கிளம்பினான். அதற்கப்புறம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். நண்டுதான் கொண்டு வந்தான். அதை மறுக்கவில்லை!

2023 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 17-ஆம் தேதி தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். நாலு நாள் கரண்ட் இல்லை. நாங்கள் மாடியில் இருப்பதால் தப்பித்தோம். கீழ் வீட்டில் ஐந்து பேர், எதிர் வீட்டு வயதான தம்பதி, நாங்கள் இருவர், ஆக ஒன்பது பேர் எங்கள் வீட்டில்.

மோட்டார் நின்றால் தொட்டியில் மீனுக்கு மூச்சு இருக்காது. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் இரண்டு வைத்திருந்தேன். தீனியை நிறுத்திவிட்டேன், தின்றால் கழிவு கூடும். தொட்டிக்காக 40 லிட்டர் சுத்தத் தண்ணீர் சேர்த்து வைத்திருந்தேன். அது அன்று இரவே குடிதண்ணீர் ஆனது. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு நாள் அதைத்தான் குடித்தோம். மொட்டைமாடியில் எவர்சில்வர் அண்டாவைத் திறந்து வைத்து மழைநீர் பிடித்து, கொதிக்க வைத்துச் சமைத்தோம். மீட்டரில் பார்த்தேன், டிடிஎஸ் 12! தொட்டியில் குறைந்ததற்கு அதிலிருந்தே ஒன்றரை லிட்டர் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் பேட்டரி தீர்ந்தது. கடை எதுவும் இல்லை. செம்பு ஆகாது என்று சொன்னேன் அல்லவா, பிளாஸ்டிக் மக்கால் மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அரை மணிக்கு ஒரு முறை, பத்து நிமிடம். எதிர் வீட்டுத் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே தவிக்குது, மீனுக்குக் காத்தாம்மா இப்ப?" என்று கேட்டார். அவர் வீட்டுச் சாமான் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. கீழ் வீட்டுப் பெண், அப்போது எட்டாம் வகுப்பு, முந்தைய நாளிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தவள், அவள் புத்தகப் பை முழுக்கப் போய்விட்டது. எழுந்து வந்து மக்கை வாங்கிக்கொண்டாள். அவளும் தம்பியும் முறை போட்டு இரவெல்லாம் ஊற்றினார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால், மக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தத் தாத்தா. "பிள்ளைங்க தூங்கட்டும்னு" என்றார்.

சுத்தம் செய்யும் இறால் ஒன்று இருந்தது. அது இறந்துவிட்டது. மற்றவை பிழைத்தன.

பிரியமானவர்களே, இதனால்தான் "வைக்கலாமா" என்ற கேள்விக்கு உடனே "வை" என்று நான் சொல்வதில்லை. அந்த உயிர் தப்பித்துப் போக முடியாத இடத்தில் நாம் அதை வைக்கிறோம். காற்றும் தண்ணீரும் சூடும் நம் கையில். பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் ஓஎல்எக்ஸில் விற்பதாக இருந்தால் வேண்டாம். வாரம் இரண்டு மணி நேரம், மாதம் இரண்டாயிரம், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், பேட்டரி பம்ப் இரண்டு. இந்த நாலும் இருந்தால் வாருங்கள், உப்புக் கரைப்பதிலிருந்து நானே சொல்லித் தருகிறேன். ஒயரைப் பிளக்கைவிடத் தாழத் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் வழிந்தாலும் பிளக்குக்குப் போகாது. இது உயிர் விஷயம், விளையாட்டு இல்லை.

கோமாளி மீன் நல்ல கவனிப்பில் 20 வருடத்துக்கு மேல்கூட வாழும். எனக்கு இப்போது 65. கணக்கு உங்களுக்கே தெரியும். போன மாதம் கீழ் வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். "எனக்கப்புறம் நீ எடுத்துக்கிறியாம்மா?" அவள் அம்மாவிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கினேன். என் நோட்டை அவளிடம் கொடுத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அளவுகளை அவள்தான் எழுதினாள்: உப்பு 35, வெப்பம் 26, அம்மோனியா 0. கையெழுத்து கொஞ்சம் கோணல். திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்