பேட்ஜில் பேர் இல்லாத மனுஷன்



நம்ம ஊர் ரோட்டில் எம்.ஜி. கார் பார்த்திருப்பீங்க. முன்பக்கம் எட்டு மூலையோட ஒரு பேட்ஜ், அதுக்குள்ள ரெண்டே எழுத்து. 2019-ல் ஹெக்டர் வந்த புதுசில், காலேஜ் கேட் எதிர்ல இருக்கிற டீக்கடை வாசல்ல ஒண்ணு நின்னுச்சு. என் ஃப்ரெண்டு அதையே உத்துப் பார்த்துட்டு கேட்டான்: "மச்சி, எம்.ஜி. இருக்கு... ஆர் எங்கடா போச்சு?"

தமிழ்நாட்டில் வேற என்ன கேட்பான்? அன்னிக்கு எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்த ரெண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம்னு எங்க யாருக்கும் தெரியலை. மெக்கானிக்கல் பசங்கன்னு வெளியில சொல்லிக்கவே கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. ராத்திரி தேட ஆரம்பிச்சேன். கார் பற்றிப் படிக்கப் போய், ஒரு மனுஷனைப் பற்றிப் படிச்சு முடிச்சேன். அவரைத்தான் இன்னிக்கு உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போறேன்.

எம்.ஜி. என்றால் மாரிஸ் கராஜஸ். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் கார் விற்று, பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு கடையின் பெயர். மாரிஸ் என்பது முதலாளி வில்லியம் மாரிஸின் பெயர். பின்னாளில் நஃபீல்டு பிரபு ஆனவர். நம்ம அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்கூட அவர் தொடங்கிய கம்பெனியோட வழியில் வந்ததுதான். ஆனா அந்தக் கடைப் பெயரை ஸ்போர்ட்ஸ் கார் உலகமே திரும்பிப் பார்க்கும் பெயராக ஆக்கியவர் முதலாளி இல்லை. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு மேனேஜர். பெயர் செசில் கிம்பர். பேட்ஜில் அவருக்கு ஒரு எழுத்துகூட இல்லை.

இதை ஏன் இப்போ எழுதுறேன்னா, இது பிளேஸ்மென்ட் சீசன். போன வருஷம் ஆட்டோமொபைல் கம்பெனியில் சேர்ந்த ஒரு சீனியர் அண்ணன் லீவுக்கு வந்திருந்தார். "கார் டிசைன் பண்றீங்களாண்ணா?"ன்னு ஆசையா கேட்டேன். "கார் இல்லடா. ஒரு பிராக்கெட். அதுவும் பழைய பிராக்கெட்டில் ரெண்டு ஓட்டையைத் தள்ளி வைக்கிற வேலை"ன்னார். அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. முழு காரையும் தூக்கி நம்ம கையில் யாரும் தரப்போறதில்லைன்னா, இந்தக் கார் ஆசையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? உங்களில் சிலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். கிம்பர் கதை எனக்குள்ள ஒட்டிக்கிட்டது இதனாலதான்.

கிம்பர் பிறந்தது 1888-ல், லண்டனில். அப்பாவுக்கு அச்சு மை தொழில். பையனும் அதிலேயே வேலைக்குச் சேர்ந்தார். மனசு மட்டும் மோட்டார் சைக்கிளில். இளம் வயதில் ஒரு விபத்தில் வலது காலில் பலமான அடி. பல ஆபரேஷன்களுக்குப் பிறகு கால் பிழைத்தது, ஆனால் நீளம் குறைந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க விந்தி விந்தித்தான் நடந்தார். நஷ்டஈடாகப் பணம் வந்தது. நம்ம வீடாக இருந்தால், "இனிமே வண்டிப் பக்கமே போகாதே"ன்னு சொல்லியிருப்பாங்க. அவர் அந்தப் பணத்தில் ஒரு சிங்கர் கார் வாங்கினார்!

அப்புறம் அப்பாவோடு மனஸ்தாபம். வீட்டுத் தொழிலை விட்டு வெளியே வந்து, ஒவ்வொரு மோட்டார் கம்பெனியாக ஏறி இறங்கி, 1921-ல் மாரிஸ் கராஜஸில் சேல்ஸ் மேனேஜராகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஜெனரல் மேனேஜர்.

இப்போ அவர் கையில் என்ன இருந்ததுன்னு பாருங்க. மாரிஸ் கௌலி, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ரெண்டு சாதாரணக் குடும்பக் கார்கள். நம்பிக்கையான வண்டிகள், விலையும் கட்டுப்படியாகும். ஆனா ஓட்டுறதில் ஒரு கிக் இருக்காது. அவரிடம் சொந்த இன்ஜின் இல்லை, சொந்த கியர்பாக்ஸ் இல்லை, சொந்தத் தொழிற்சாலையும் இல்லை. நாமா இருந்தா "ரிசோர்ஸ் இல்லை சார்"னு ரிப்போர்ட் எழுதியிருப்போம்.

கிம்பர் அதே சேஸிஸை எடுத்தார். லீஃப் ஸ்பிரிங்குகளைத் தட்டையாக்கினார். வண்டி தாழ்ந்து, வளைவில் கட்டுக்குள் நின்றது. ஸ்டியரிங் கம்பத்தை இன்னும் சாய்த்தார். ஓட்டுபவர் உட்காரும் விதமே மாறியது. மேலே எடை குறைந்த, பார்வைக்கு அழகான பாடி. சென்டர் ஆஃப் கிராவிட்டி தாழ்ந்தால் என்ன ஆகும்னு நாம செமஸ்டரில் எழுதி மார்க் வாங்கறோம் இல்லையா, அதை அவர் காசு கொடுத்து வாங்குற ஆளின் முதுகுத்தண்டுக்குப் புரிய வெச்சார். அவ்வளவுதான் வித்தை. நம்ம சீனியர் அண்ணன் பாஷையில் சொன்னால், ஓட்டையைத் தள்ளி வைக்கிற வேலை!

செஞ்சதோட நிற்கவில்லை, தானே ஓட்டியும் காட்டினார். ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் லேண்ட்ஸ் எண்டு டிரையல் என்ற போட்டி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை வரைக்கும் செங்குத்தான மண் மேடுகளில் ஏறிப் போகும். 1925-ல் அதற்கென்றே, மாற்றி அமைத்த மாரிஸ் சேஸிஸில் ஹாட்ச்கிஸ் இன்ஜினோடு ஒரு ஒல்லியான ஸ்பெஷல் கட்டி, காலை விந்தி நடக்கும் அந்த மனுஷன் அதை ஓட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற அந்த வண்டி இன்றும் இங்கிலாந்தில், கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கு.

அடுத்தது விளம்பரம். அந்த எண்கோணச் சின்னம் அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு பைத்தியமாகவே ஆனது. சில மாடல்களில் டாஷ்போர்டு மீட்டர்களின் சட்டம்கூட எட்டு மூலை! 'சேஃப்டி ஃபாஸ்ட்' என்பது கம்பெனியின் வாசகம். வேகமாகப் போ, ஆனால் பத்திரமாகப் போ என்ற அர்த்தம். 1930-ல் எம்.ஜி. கார் கிளப் தொடங்கியது. வண்டி வாங்கியவரை கஸ்டமராகப் பார்க்காமல் கூட்டாளியாகப் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்தது.

1928-ல் எம்-டைப் மிட்ஜெட் வந்தது. 847 சிசி, 20 குதிரைத்திறன். இன்னிக்கு நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்கில் நிற்கிற சில பைக்குகளுக்கே அதைவிடப் பவர் அதிகம். மாரிஸ் மைனரின் சேஸிஸ், மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய பாடி, விலை 175 பவுண்டு. ஸ்போர்ட்ஸ் கார் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் என்றிருந்த காலத்தில், நடுத்தரச் சம்பளக்காரருக்கும் அது கனவு காணக்கூடிய பொருளாச்சு. 1929-ல் அபிங்டன் என்ற சின்ன ஊரில், பழைய தோல் தொழிற்சாலை ஒன்றில் எம்.ஜி. குடியேறியது.

அதுக்கப்புறம் சில வருஷங்கள் ஒரே ஓட்டம்தான். 1931-ல் ஜார்ஜ் எய்ஸ்டன் ஒரு எம்.ஜி.யில், 750 சிசி வகுப்பில் முதல்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டினார். 1933-ல் இத்தாலியின் மில்லே மிக்லியா பந்தயத்தில் கே3 கார்கள் தங்கள் வகுப்பில் வென்றதோடு டீம் பரிசையும் தூக்கின. அதே வருஷம் வட அயர்லாந்தில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் மாபெரும் ஓட்டுநர் டாஸியோ நுவோலாரி கே3 ஓட்டி ஜெயித்தார்.

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு மோட்டிவேஷன் வீடியோ ஆகியிருக்கும். ஆனா நான் உங்களிடம் சொல்ல வந்தது மீதிக் கதையை.

இவ்வளவும் நடந்தது வேறொருவர் கம்பெனியில். எம்.ஜி. அதுவரை வில்லியம் மாரிஸின் சொந்த உடைமை. 1935-ல் அவர் அதைத் தன் பெரிய கம்பெனியான மாரிஸ் மோட்டார்ஸுக்கு மாற்றினார். ரேஸிங் நிறுத்தப்பட்டது. அபிங்டனின் டிசைன் ஆபீஸையும் மூடி, அந்த வேலையைக் கௌலிக்குக் கொண்டுபோனார்கள். கிம்பரின் நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது. முடிவெடுக்கிற இடம் வேற ஊருக்குப் போயிடுச்சு. கணக்கு நோட்டின் பக்கம் நின்று பார்த்தால், முதலாளி செஞ்சது தப்புன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. ரேஸ் கார் பெயர் சம்பாதிக்கும், பணமும் தின்னும்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். கார் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் ஆட்களும் சும்மா இருக்கக் கூடாதுன்னு, ஆல்பமார்ல் என்ற போர் விமானத்தின் முன்பகுதியைச் செய்து தரும் வேலையைக் கிம்பர் பிடித்து வந்தார். மேலிடத்தை முறையாகக் கேட்கவில்லை. 1941-ல் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இருபது வருஷம்! வேற கம்பெனிகளில் வேலை பார்த்தார். கடைசியாக இருந்தது பிஸ்டன் செய்யும் ஒரு கம்பெனி.

1945 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து லீட்ஸ் போகும் ரயிலில் ஏறினார். நிலையத்தை விட்டதுமே ஒரு சுரங்கப்பாதை, அதில் ஏற்றம். உள்ளே சமீபத்தில் புது தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதில் இன்ஜின் சக்கரங்கள் வழுக்கின. இருட்டில், ரயில் முன்னே போகாமல் பின்னால் உருளுதுன்னே டிரைவருக்குத் தெரியவில்லை. சிக்னல்காரர் அதை வேறு பாதைக்குத் திருப்பப் பார்த்தார், அதற்குள் தாமதமாகிவிட்டது. கடைசிப் பெட்டி தடம் மாறித் தூக்கிக்கொண்டு சிக்னல் கம்பத்தில் மோதியது. இறந்தவர்கள் ரெண்டே பேர். அதில் ஒருவர் கிம்பர். வயது 56.

சக்கரம் தரையைப் பிடிக்கிற விஷயத்திலேயே வாழ்க்கையைச் செலவழித்த மனுஷனுக்கு, சக்கரம் வழுக்கி மரணம். இதைப் படிச்ச ராத்திரி நான் லேப்டாப்பை மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போர் அந்த வருஷமே முடிந்தது. இலையுதிர் காலத்தில், அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், அபிங்டனிலிருந்து எம்.ஜி. டிசி வெளியே வந்தது. 1949 வரை ஏறக்குறைய 10,000 வண்டிகள். கிட்டத்தட்ட 2,000 அமெரிக்காவுக்குப் போயின. ஸ்டியரிங் வலதுபக்கம், அங்கே அது தப்பான பக்கம், ஆனாலும் வாங்கினார்கள். பின்னாளில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற முதல் அமெரிக்கரான ஃபில் ஹில், கோப்ரா கார் தந்த கரோல் ஷெல்பி, ரெண்டு பேருமே ஆரம்பத்தில் பந்தயம் ஓட்டியது எம்.ஜி. டிசியில்தான். 1962-ல் வந்த எம்ஜிபி அஞ்சு லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதில் எதையும் கிம்பர் பார்க்கலை.

1980-ல் அபிங்டன் தொழிற்சாலையை மூடினார்கள். பிராண்டு கை மாறிக் கை மாறி இன்னிக்குச் சீனாவின் சாயிக் கம்பெனியிடம் இருக்கு. ஆனா அந்தக் கிளப் இன்னும் இருக்கு. யாரோ சில பேர் வார இறுதியில் கையில் கிரீஸோடு 1930-களின் மிட்ஜெட்டை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருக்காங்க.

நண்பர்களே, "பேஷனைப் பின்தொடருங்கள், வெற்றி தானா வரும்"னு நான் இந்தக் கட்டுரையை முடிக்க மாட்டேன். கிம்பருக்கு அப்படி நடக்கலை. தனக்குச் சொந்தமில்லாத ஒண்ணைச் சொந்தம்போல நேசித்தால், ஒரு நாள் அது உன்னுடையது இல்லைன்னு யாராவது நினைவுபடுத்துவாங்க. அது வலிக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்டே ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுறது நல்லது. கையில் வந்தது சாதாரணக் காரின் சேஸிஸ்தான்னு அவர் வேலையில் கை குறைக்கலைங்கிறதையும் சேர்த்தே நினைவில் வெச்சுக்குவோம்.

எனக்கும் போன மாசம் ஆஃபர் வந்துச்சு. என்ன டீம்னு கேட்டேன். சீட் ஃப்ரேம்னு சொன்னாங்க. சீனியர் அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன், சிரிச்சார். நானும் சிரிச்சேன். அப்புறம் நானே ஒரு கேள்வி கேட்டேன்: "அண்ணா, சீட்டை எவ்வளவு தாழ்த்தலாம்?"

அடுத்த தடவை ரோட்டில் அந்த எட்டு மூலை பேட்ஜைப் பார்த்தா, பக்கத்தில் இருக்கிறவங்க கட்டாயம் "ஆர் எங்கே?"ன்னு கேட்பாங்க. "ஆர் இல்லடா, கே-தான் காணோம்"னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா, ஒரு டீ வாங்கித் தரச் சொல்லிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்க.