விரல்நுனியில் ஒரு ரஹ்மத்

சென்ற ரமளானில் ஒரு நாள், அஸருக்குப் பின் எங்கள் உம்மாவுக்குக் கை நடுங்கி வியர்த்தது. விரலில் குத்தினால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சிச் சோதனைக்கு மறுத்தார்கள். ஒரு துளி இரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்று ஆலிம்கள் தெளிவுபடுத்தியிருப்பதை எடுத்துரைத்தோம்.

சோதனைப் பட்டையிலுள்ள நொதி, இரத்தச் சர்க்கரையுடன் வினைபுரிந்து உண்டாக்கிய சிறு மின்னோட்டத்தை அளந்து, சில நொடிகளில் கருவி 62 என்று காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. உடனே பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்தோம். அந்நோன்பை உம்மா பின்னர் களாச் செய்தார்கள்.

நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையை உரிய நேரத்தில் பயன்படுத்த, ஏறத்தாழ இரண்டு தேநீரின் விலையுள்ள ஒரு பட்டை துணைநின்றது. அல்ஹம்துலில்லாஹ். அதையும் வாங்க இயலாத அண்டை வீட்டாருக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்பதும் ஸதகாவே.