எண்ணிக்கையில் விடுபட்ட தம்பி

"எவரெஸ்ட் பேஸ் கேம்ப் எப்படி இருந்தது?" என்று ஆராதனை முடிந்ததும் பலர் கேட்கிறீர்கள். நாங்கள் அங்கே போகவில்லை. 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு ஒரு நாள் நடை பாக்கி இருக்கும்போது திரும்பிவிட்டோம். வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறோம்.

நம் வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஆறு பேர் போனோம். எங்களில் இருவர் நர்ஸ்கள். லீவைச் சேர்த்து வைத்து, துபாய் வெயிலில் வெளியே நடக்க முடியாமல் ஃபிளாட் மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகினோம். காத்மாண்டுவிலிருந்து சிறிய விமானத்தில் லுக்லாவில் இறங்கி நடையைத் தொடங்கினோம். கூட ஒரு வழிகாட்டி, மூட்டை சுமக்க மூன்று பேர். மூவரில் இளையவருக்கு 19 வயது. எங்களில் இருவருடைய பைகளை ஒன்றாகக் கட்டி, 'நாம்லோ' என்னும் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமப்பார். தன் அண்ணன் துபாயில் கட்டட வேலை பார்ப்பதாக முதல் நாளே ஹிந்தியில் சொன்னார்.

மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். பேஸ் கேம்ப்பில் கிடைப்பது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். உடம்பு அதற்குப் பழக நாளாகும். ஆகவே 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்கும் இடத்தை ஒரு நாளில் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. நாம்சேயிலும் திங்போச்சேயிலும் கூடுதலாக ஒரு நாள் தங்கியது அதற்காகத்தான்.

தினமும் சாயங்காலம் ஆறு பேர் விரலிலும் ஆக்சிமீட்டர் மாட்டுவோம். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, தூக்கம் வந்ததா என்று கேட்டு நோட்டில் எழுதுவோம். பிறகு ஆறு பேர் பெயரையும் சொல்லி ஜெபிப்போம். எல்லாம் ஒழுங்காகச் செய்கிறோம் என்று எங்களுக்குள் ஒரு பெருமை.

லோபுச்சேயில், 4,900 மீட்டருக்கு மேல், அந்தப் பெருமை உடைந்தது. வெந்நீர் வாங்கப் போனபோது அந்தத் தம்பி ஷூ கயிற்றைக் கட்ட முடியாமல் தடுமாறுவதைப் பார்த்தோம். எழுந்தவர் சுவரைப் பிடித்தார். குடித்திருக்கிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னோம். மூன்றாவது அடியில் சாய்ந்துவிட்டார். எங்கள் ஆறு பேருக்கும் ஆக்சிஜன் அளவு 78க்கு மேல் இருந்தது. அவருக்கு 58.

இரண்டு நாளாகத் தலைவலியாம். காலையில் வாந்தியும் எடுத்திருக்கிறார். சொன்னால் கூலி போய்விடும் என்று சொல்லவில்லை. மலையில் பிறந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் ஊரோ தாழ்வான மலைப்பகுதி. இந்த உயரம் எங்களைப் போலவே அவருக்கும் புதிது. நடை தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று அர்த்தம். காத்திருக்க நேரம் கிடையாது, உடனே கீழே இறக்க வேண்டும்.

"பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம், அவனே இறங்கிவிடுவான்" என்றார் வழிகாட்டி. எங்களுக்குள்ளும் வாக்குவாதம் வந்தது. "நாளைக்கு ஒரு நாள்தானே, இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று எங்களில் ஒருவர் சொன்னது உண்மை. மற்றவர்கள் மனதிலும் அது இல்லாமல் இல்லை. ஆனால் இருட்டில் தனியாக அனுப்பினால் அவர் வழியில் எங்காவது உட்கார்ந்துவிடுவார். பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று நர்ஸ்கள் இருவருக்கும் தெரியும். அவர் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போயாக வேண்டும். வழிகாட்டி இறங்கினால் மேலே போக எங்களுக்கு ஆள் இல்லை. திரும்பும் விமானத்துக்கும் நாள் குறித்தாயிற்று. ஆறு பேரும் இறங்கினோம்.

தலையில் விளக்கு மாட்டி, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து, சுமார் 600 மீட்டர் கீழே இருக்கும் ஃபெரிச்சேவுக்கு நள்ளிரவில் வந்து சேர்ந்தோம். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் அங்கே ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது. மலையேறும் பருவத்தில் டாக்டர்கள் இருப்பார்கள். ஆக்சிஜனும் ஊசியும் கொடுத்தார்கள். விடிந்ததும் கண் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் பைகள் எங்கே?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் பையைத் தூக்கியவரிடம் ஒரு நாள்கூட "தலை வலிக்கிறதா?" என்று நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்கு அந்தக் கேள்வி தெரியாததல்ல. எங்கள் வார்டுக்கு வரும் நேபாளத் தொழிலாளிகளிடம் தினமும் அதைத்தான் கேட்கிறோம். மலையில் மட்டும் அவர் எங்கள் கணக்கில் வரவில்லை; ஜெபத்திலும் வரவில்லை.

பேசிய கூலியை முழுவதும் கொடுத்தோம். அது பெரிய காரியம் அல்ல.

வாலிபரே, நீங்களும் ஒருநாள் அந்த மலைக்குப் போகலாம். கிளம்புமுன், மூட்டை தூக்குபவருக்கும் இன்ஷூரன்ஸ், நல்ல ஜாக்கெட், ஷூ, தங்க இடம் உண்டா என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். சாயங்காலம் ஆக்சிமீட்டரை அவர் விரலிலும் மாட்டுங்கள். தலைவலியைச் சொன்னாலும் கூலி குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அனுமதி கேட்காததால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது ஜெபத்தில் ஏழு பெயர் சொல்கிறோம்.